தம்பிக்கு

பேனாக்காவின் கடைக்கு வருகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிப் பார்க்கலாம், தங்கள் பெயரைத் தவிர. பேனாவைக் கையில் வாங்கியதும் மனுஷனுக்கு முதலில் எழுதத் தோன்றுவது தன் பெயரைத்தான். முதல் எழுத்தைப் போட்ட உடனே பேனாக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பேரு வேண்டாங்க" என்பாள். "பேரு எந்தப் பேனாவுல எழுதினாலும் நல்லாத்தான் வரும். பழகின விரல், அது பாட்டுக்குப் போயிடும். ஒரு பக்கம் முழுக்க எழுதுங்க. அப்பதான் தெரியும்." என்ன எழுதுவது என்று முழிக்கிறவர்களுக்காக மேசை மேல் பழைய வாரப்பத்திரிகை ஒன்று கிடக்கும். அதில் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுத வேண்டியதுதான்.

அவர்கள் எழுதும்போது பேனாக்கா எழுத்தைப் பார்க்க மாட்டாள், நகத்தைப் பார்ப்பாள். பேனா கைக்குச் சின்னதாக இருந்தால் விரல் அதை நழுவவிடாமல் இறுக்கும். இறுக்கினால் நகம் வெளுக்கும். பத்து வரிக்குப் பிறகும் நகம் சிவப்பாகவே இருந்தால் அந்தப் பேனா அந்தக் கைக்குச் சரி. வெளுத்துவிட்டால் எத்தனை அழகான பேனாவாக இருந்தாலும் பிடுங்கித் தட்டில் வைத்துவிடுவாள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எழுதுகிற முள் தங்கமா என்று கேட்டுக்கொண்டு வருகிற சேகரிப்பாளர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வாங்கிப் பெட்டிக்குள் வைக்கிறவனுக்கு எந்த அளவில் இருந்தால் என்ன என்பாள்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நனைய வேண்டும். மூடிப்போன அலுவலகங்களின் இழுப்பறைகளிலிருந்தும், எழுதினவர் காலமாகிப்போன வீடுகளின் அலமாரிகளிலிருந்தும் பேனாக்கள் பெட்டி பெட்டியாக வரும். மை காய்ந்து, உள்ளே மை தேக்குகிற ரப்பர் பை இற்றுப்போய், மூடி திறக்காமல் வரும். கழுவிச் சரிசெய்து, ஒல்லி, நடுத்தரம், கட்டை என்று மூன்று தட்டுகளில் பிரித்து வைப்பாள். தெருவில் எல்லோருக்கும் அவள் பேனாக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் வழி தெரியாது.

அந்த வாரம் மழை விட்டபாடில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவர், தோளும் தொப்பையுமாக, குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து ஒல்லித் தட்டிலிருந்து வெள்ளி நிறப் பேனா ஒன்றை எடுத்தார்.

"இதுதான்க்கா. பையில வச்சா எடுப்பா இருக்கும்."

"பைக்கு வாங்கறீங்களா, கைக்கு வாங்கறீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப உக்காந்து எழுதுங்க."

ஏழாவது வரியில் கையை உதறினார். ஒன்பதாவது வரியில் நிறுத்திவிட்டு அசடு வழிந்தார். பேனாக்கா கட்டைத் தட்டிலிருந்து காப்பி நிறப் பேனா ஒன்றை எடுத்து, மூடியைப் பின்னால் செருகி, அவருடைய பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில் சாய்த்து வைத்தாள்.

"பாக்கறதுக்குப் பூரிக்கட்டை மாதிரி இருக்கேக்கா."

"உங்க கையும் ஒண்ணும் பூ மாதிரி இல்லையே. எழுதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். பக்கம் முடிந்ததே தெரியவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதப் போனவரைப் பேனாக்காதான் தடுத்தாள். கிளம்பும்போது குடையை விரித்தபடி, "நீங்க கொடுத்து ஒருதரம்கூடத் தப்பாப் போனது கிடையாதாக்கா?" என்று கேட்டார்.

"கிடையாது" என்றாள்.

ஏழு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவள் சொல்லி வருகிற பதில் அது. சொல்லி முடித்ததும் கேட்டவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். அன்றைக்கும் பார்க்கவில்லை. அவள் அரை மணி முன்னதாகவே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் கீழே அவளும் அவளுடைய வீட்டுக்காரரும். மாடியில் வீட்டுக்காரரின் தம்பியும் அவன் மனைவியும். சமையல் ஒன்றுதான். வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் இருப்பவர். தெருத்தெருவாகக் குனிந்து குனிந்து பார்த்ததில் முதுகும் போயிற்று, பொறுமையும் போயிற்று. கொழுந்தன் ஒரு பெரிய கல்லூரியில் சர்ட்டிபிகேட் எழுதுகிறவன். படித்து முடித்தவர்களின் பெயரைப் பக்கத்தில் ஒருவர் வாசிக்க வாசிக்க, அச்சடித்த தாளில் மையால் எழுத வேண்டும். தடித்த தாள். ஒரு எழுத்துப் பிசகினால் தாளே போய்விடும், மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்து வேறு தாள் வாங்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டாயிரம் பெயர்.

அவனுக்குக் கைதான் பெரிது. வாலிபத்தில் மரக்கடையில் பலகை தூக்கின கை, விரல் ஒவ்வொன்றும் முற்றின கேரட் கனம். அந்தக் கையிலிருந்து அப்படி ஒரு எழுத்து வரும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். எப்படி எழுதுகிறாய் என்று கேட்டால், "அர்த்தம் பாக்கக் கூடாது" என்பான். "யாரு பேரு, பையனா பொண்ணா, என்ன படிச்சிருக்குன்னு பாத்தா எழுத்து கோணிடும். காதுல விழுந்தது கைக்குப் போயிடணும். நடுவுல மனசு வரக்கூடாது."

அந்தக் கைதான் ஒரு வருஷமாக நடுங்கிக்கொண்டிருந்தது. பேனாவைப் பிடித்தால் மூன்றாவது பெயரிலேயே பெருவிரல் உள்ளே மடங்கிக்கொள்ளும். பிறகு நடுக்கம். இப்போது டம்ளர் பிடித்தாலும் நடுக்கம். டாக்டர் நரம்பு என்றார், ஓய்வு என்றார், தூக்கம் வருகிற மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். போன மாதம் எழுதினதில் பதினோரு சர்ட்டிபிகேட் திரும்பி வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை ஆபீசில் எல்லோர் முன்னாலும் நூறு எழுதிக்காட்ட வேண்டும். சரியாக வராவிட்டால் வேலை மிஷினுக்குப் போகும், இவன் தாள் கட்டுகளைத் தூக்கி அடுக்குகிற அறைக்குப் போவான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது கொழுந்தன் பருப்புக் கரண்டியை எடுத்தான். பாதி வழியில் கை உதறி, பருப்பு மேசையெல்லாம் தெறித்தது.

வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவைத்தார். "டேய். இங்க வா."

"என்னண்ணே?"

"வாயை ஊது."

கொழுந்தனின் மனைவி கையில் சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, தலையில் நரை விழுந்தவன், எழுந்துபோய் அண்ணன் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினான்.

"வெங்காய வாசனைதான் வருது" என்றார் வீட்டுக்காரர், ஏமாந்துபோன குரலில். "இப்பல்லாம் வாசனையே வராத சரக்கு இருக்காம். மீட்டர் பாக்கப் போற எடத்துல சொல்றானுங்க."

"நான் குடிக்கறதில்லைண்ணே."

"குடிக்காதவனுக்கு எதுக்குடா கை நடுங்குது? உங்க அண்ணி இருவது வருஷமா பேனா பிடிக்கிறா. அவ கை நடுங்குதா?"

பேனாக்கா துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவன் குடிக்கவில்லை என்று இந்த வீட்டில் நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஏன் நடுங்குகிறது என்றும் அவளுக்குத் தெரியும். சாப்பாடு முடிந்ததும் கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"அண்ணி, முள்ளு ஏதாவது தேஞ்சிருக்கா பாருங்களேன். ஒருவேளை அதனால இருக்குமோ என்னமோ."

கருநீலப் பேனா. மூடியில் ஒற்றை வளையம். லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பார்க்காமலே தெரியும், முள் பழுதில்லை.

"முள்ளு நல்லாத்தான் இருக்கு தம்பி."

"அப்ப என் கைதான்" என்று சொல்லிவிட்டு அவன் மாடிக்குப் போனான்.

கொழுந்தனையும் அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்தவனையும் தம்பி என்பாள். கூடப்பிறந்தவனுக்கு வா, போ. கொழுந்தனுக்கு வாங்க, போங்க. இந்த வாங்க போங்கவைக் கேட்டு, கொழுந்தனை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறாள் என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொள்வார்கள். அவளுக்கல்லவா தெரியும் அந்த மரியாதையின் லட்சணம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மூடிப்போன ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து வந்த பெட்டியில் ஒரே அச்சாக இரண்டு பேனாக்கள் இருந்தன. இரண்டும் கருநீலம், இரண்டுக்கும் ஒற்றை வளையம். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெரியது பிடிக்கிற இடத்தில் நல்ல பருமன். மூடியைச் செருகினாலும் கனம் பின்பக்கம் இழுக்காது, பெரிய கையில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கொழுந்தனுக்கு சர்ட்டிபிகேட் வேலை கிடைத்த புதிது. பெரிய பேனாவைப் பார்த்ததும் அவன் கைதான் பேனாக்காவுக்கு ஞாபகம் வந்தது. சரிசெய்து பெட்டியில் வைத்து, மேலே ஒரு சீட்டு ஒட்டினாள். 'தம்பிக்கு.' அப்போது அவள் மனசில் இருந்தது கொழுந்தன்தான். அதில் கள்ளம் இல்லை.

இரண்டு நாள் கழித்து கூடப்பிறந்தவன் வந்தான். மேனேஜர் ஆகியிருந்தான். தனி அறை, கண்ணாடிக் கதவு, கதவில் பெயர். அவள் பிறந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள். மேசையில் இரண்டு பேனாவும் கிடந்தன. அவன் சின்னதை எடுத்து, "இது அழகா இருக்கேக்கா" என்றான்.

"மேனேஜர் கையில சின்னப் பேனாவா? நல்லா இருக்கே கதை!" என்று பேனாக்கா அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பெரியதைப் பெட்டியோடு கொடுத்தாள். கையை அளந்து பேனா கொடுக்கிறவள் அன்றைக்கு நாற்காலியை அளந்து கொடுத்தாள். தம்பி சீட்டைப் படித்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முன்னாடியே எழுதி ஒட்டி வச்சிருந்தியாக்கா?"

"பின்ன?" என்றாள்.

அன்று மாலை கொழுந்தனிடம் சின்னதைக் கொடுத்தாள். "இதுதான் தம்பி உங்க கைக்குச் சரியா இருக்கும்" என்று கடைக்காரக் குரலில் சொன்னாள். அவன் என்ன எழுதட்டும் என்று கேட்டான். "உங்க பேரையே எழுதிப் பாருங்க" என்றாள். அழகாக வந்தது. அவன் எழுதும்போது அவள் அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டாள், நகம் கண்ணில் படாமல் இருக்க.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை கட்டைப் பேனா ஒன்றை எடுத்து நீட்டியும் பார்த்தாள். அவன் வாங்கவில்லை. "இதே போதும் அண்ணி. நீங்க பாத்துக் கொடுத்ததாச்சே" என்பான். வற்புறுத்த வேண்டும் என்றால் முதலில் கொடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டும். பேனாக்கா கொடுத்தது தப்பு என்று பேனாக்காவே எப்படிச் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அவன் நடுவிரலில் காய்ப்பு வந்தது. அப்போதும் சொல்லவில்லை. பெருவிரல் மடங்கிற்று. நடுக்கம் வந்தது. நாளாக நாளாக, சொல்வதைவிட ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்குப் பதில் சொல்வதுதான் பெரிய பாரமாகிவிட்டது.

வியாழக்கிழமை மழையில் துணி ஒன்றும் காயவில்லை. கூடத்தில் கயிறு கட்டி, பேனாக்காவும் கொழுந்தனின் மனைவியான ஓரகத்தியும் ஆளுக்கொரு முனையாக ஈரப் போர்வையைப் பிடித்து முறுக்கினார்கள். ஓரகத்தி வெள்ளந்தி. மனசில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசத் தெரியாது.

"அவரு ராத்திரியெல்லாம் கையைத் தலைகாணிக்கு அடியில வச்சுக்கறாருக்கா. நடுங்கறது எனக்குத் தெரியக்கூடாதாம்" என்றாள். "மாமா குடின்னு சொன்னதுகூட அவருக்குப் பெருசா இல்லை. அண்ணி கொடுத்த பேனாவுக்குக் கெட்ட பேரு வாங்கித் தந்துட்டேனேன்னுதான் புலம்பறாரு."

பேனாக்கா போர்வையை இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காக்கா? அந்தப் பேனா கொடுத்தீங்களே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கடைப் பக்கம் வந்தாராம். நீங்க உள்ளே இருந்தீங்களாம். மேசையில ஒரு பெரிய பேனாப் பெட்டி, மேல தம்பிக்குன்னு எழுதியிருந்துச்சாம். உங்களைக் கூப்பிடாம அப்படியே திரும்பி வந்துட்டாரு. வந்து என்கிட்ட என்ன குதி குதிச்சாரு தெரியுமா! அண்ணி எனக்கு எடுத்து வச்சிருக்காங்க, நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேன்னு. அப்புறம் பாத்தா சின்னதைக் கொண்டு வராரு. என்னங்க பெருசுன்னீங்களேன்னேன். அவரு சொல்றாரு, அண்ணி என் கையைப் பாத்து மாத்தியிருப்பாங்க, அவங்களுக்குத் தெரியாததான்னு."

போர்வை பேனாக்காவின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"ஐயோ, பிடிங்கக்கா, மறுபடி அலசணும்" என்றாள் ஓரகத்தி.

பார்த்திருக்கிறான். ஏழு வருஷம் அந்தச் சீட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு நாள், ஒரு பேச்சுக்குக்கூட, எனக்கென்று இருந்தது எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று பேனாக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஈரத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே கூடப்பிறந்த தம்பியின் அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் குளிரூட்டி முகத்தில் அடித்தது. தம்பி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். டீ சொன்னான். பேனாக்கா அவன் கையைத்தான் பார்த்தாள். சின்னக் கை. அம்மாவுடைய கை. இதற்கு எப்படிப் பெரியதைக் கொடுத்தோம் என்று இருந்தது.

"அந்தப் பேனா வச்சிருக்கியா? நீலம்?"

"இல்லாமயா?" என்று இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து பெட்டியை எடுத்தான். "சீட்டுகூட அப்படியே இருக்கு பாரு."

தன் கையெழுத்து. ஓரம் பழுத்திருந்தது, ஒட்டு விடவில்லை. திறந்தால் பேனா. முள்ளில் மை பச்சையாகப் பூத்துப்போயிருந்தது.

"எழுதறதே இல்லையா?"

"கோவிச்சுக்காதேக்கா. நாலு நாள் எழுதினேன். கைக்குள்ள அடங்கவே இல்லை. பையில வச்சா சட்டையை இழுக்குது. அக்கா கொடுத்ததாச்சேன்னு பத்திரமா வச்சுட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "அன்னிக்கு அந்தச் சின்னதுதான் எனக்குப் புடிச்சிருந்துச்சு. கேட்டேன், நீதான் பிடுங்கிட்டே."

டீ வந்தது. பேனாக்கா அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பெட்டியை மூடினாள்.

"இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"உன்னோடதுதானேக்கா. எதுக்குன்னு சொல்லேன்."

"தம்பிக்கு" என்றாள்.

கடையில் கட்டைப் பேனா நாற்பது கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம். மனசு ஒப்பவில்லை. அவனுடையது எதுவோ அதைத்தான் அவன் கையில் வைக்க வேண்டும். அன்றும் சனிக்கிழமையும் வேலை சரியாக இருந்தது. முள்ளையும் அதற்கு மை கொண்டுவருகிற நாக்கட்டையையும் வெந்நீரில் ஊறப்போட்டாள். ஏழு வருஷத்து மை கரைந்து கரைந்து கிண்ணம் கிண்ணமாக வந்தது. புது ரப்பர் பையை ஒட்டின பசை ஈரக்காற்றில் காயவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்து, மை நிரப்பிக் கோடு கிழித்துப் பார்த்தாள். சரளமாக ஓடியது.

மிச்சம் இருந்தது அந்தச் சீட்டு. சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக வந்த பேனா என்று கொடுக்கலாம். பிளேடைக்கூட எடுத்துவிட்டாள். அப்போதுதான் புத்தி இன்னொரு பக்கம் வேலை செய்தது. சீட்டை விட்டுவிட்டால் பொய்யே சொல்ல வேண்டாம். அவன் பார்ப்பான், அவனே ஒரு கதை கட்டிக்கொள்வான், அந்தக் கதையில் அண்ணி நல்லவளாக இருப்பாள். பேனாக்கா பிளேடைக் கீழே வைத்தாள். பிராயச்சித்தம் பண்ணப் போகிறவள் அதிலும் கொஞ்சம் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டு வெளிச்சம் வந்தது. வீட்டுக்காரர் ஜன்னலோரம் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் மறுநாளுக்காகத் தாளில் கோடு போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். கோடே நெளிந்தது. பேனாக்கா பெட்டியை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் சீட்டைப் படித்தான். திறந்தான்.

"அண்ணி... இது அந்தப் பெருசு இல்ல? இத்தனை வருஷமா எனக்காக எடுத்தா வச்சிருந்தீங்க?"

பேனாக்கா எதிர்பார்த்த அதே வார்த்தை. ஒரு சொல்கூட மாறவில்லை. பின்ன என்று சொன்னால் போதும். ஒருமுறை சொன்னதுதான், நாக்குக்குப் பழக்கம்தான்.

"பாத்தீங்களா மாமா" என்றாள் ஓரகத்தி கண்ணைத் துடைத்தபடி. "அக்கா மாதிரி யாருக்கு வரும்?"

கொழுந்தன் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினான். நடுங்காமல், அழகாக வந்தது. ஆனால் பெருவிரல் பழைய பழக்கத்தில் சின்னப் பேனாவைத் தேடிக்கொண்டு உள்ளே மடங்கியது. விரலை இப்படியும் அப்படியும் மாற்றிவைத்துப் பார்த்தான். பிறகு மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தான்.

"கொஞ்சம் பெருசா இருக்கு அண்ணி. நீங்க அப்பவே என் கையைப் பாத்துச் சரியாத்தான் சின்னதைக் கொடுத்திருக்கீங்க. இதை வேற யாருக்காவது கொடுத்துடுங்க, வீணாப் போகவேண்டாம்."

"குடிகாரன் கைக்குப் பெருசென்ன, சின்னதென்ன" என்றார் வீட்டுக்காரர் திரும்பாமலே.

பேனாக்கா அவன் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி, அவன் பெருவிரலை நீவி நிமிர்த்தி, பேனாவைப் பள்ளத்தில் சாய்த்து வைத்தாள்.

"பேரு வேண்டாம் தம்பி. ஒரு பக்கம் எழுதுங்க."

"என்ன எழுதறது?"

"நான் சொல்றேன். எழுதுங்க."

அவன் தாளைச் சரிசெய்துகொண்டான். அவள் சொன்னாள். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெட்டியில ரெண்டு பேனா வந்துச்சு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது." அவன் எழுதினான். முதல் வரி கோணலாக வந்தது. "பெருசு என் கொழுந்தன் கைக்குன்னு பாத்தவுடனே எனக்குத் தெரியும். தம்பிக்குன்னு சீட்டு எழுதி ஒட்டினேன்." பெருவிரல் மடங்கப் பார்த்தது. அவள் ஒரு விரலால் அதை மெல்லத் தட்டிவிட்டாள். "ரெண்டு நாள் கழிச்சு என் கூடப்பிறந்தவன் மேனேஜர் ஆகி வந்தான். பெருசை அவனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டேன். அவன் கேட்கலை. நானாத்தான் கொடுத்தேன்."

ஓரகத்தியின் கையில் முட்டை பாதி உரித்தபடி நின்றது. ஜன்னலோரம் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் திரும்பினார். கொழுந்தன் எழுதிக்கொண்டே இருந்தான். காதில் விழுந்தது கைக்குப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் மனசு இன்னும் வரவில்லை. ஐந்தாவது வரி, ஆறாவது வரி. எழுத்து நிமிர்ந்தது.

"சின்னதைக் கொழுந்தனுக்குக் கொடுத்தேன். அதுதான் சரின்னு பொய் சொன்னேன். ஒரு பக்கம் எழுதச் சொன்னா தெரிஞ்சுபோயிடும்னு பேரை மட்டும் எழுதச் சொன்னேன்."

'பேரை' என்ற இடத்தில் பேனா நின்றது. மை ஒரு புள்ளியாகத் தேங்கியது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுதுப்பா" என்றாள் பேனாக்கா. "நிறுத்தாதே. ஒரு பக்கம் ஆகட்டும்."

பேனா மறுபடி நகர்ந்தது.

"அந்தச் சின்னப் பேனாவை இறுக்கி இறுக்கித்தான் அவன் கை போச்சு. எனக்குத் தெரிஞ்சே போச்சு. அவன் குடிக்கிறதில்லை. அவங்க அண்ணன் வாயை ஊதச் சொன்னப்பவும் எனக்குத் தெரியும். நான் மேசையைத் துடைச்சுக்கிட்டு நின்னேன். இன்னிக்குக்கூட அந்தச் சீட்டைக் கிழிக்காம வச்சு நல்லபேரு வாங்கப் பாத்தேன். இந்தப் பெட்டி முந்தாநாள் வரைக்கும் என் தம்பி இழுப்பறையில இருந்துச்சு."

பக்கம் முடிந்தது. பேனாக்காவுக்கு இருபது வருஷத்துப் பழக்கம், கண் நகத்துக்குத்தான் போயிற்று. ஐந்து நகமும் சிவப்பாக இருந்தன. ஒரு பக்கத்தில் ஏழு வருஷம் சரியாகிவிடாது, நாளைக்கு நூறு பெயரில் எத்தனை தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கடைசி ஆறு வரியும் கல்லில் வெட்டின மாதிரி நேராக நின்றன.

வீட்டுக்காரர் எழுந்து வந்து தம்பிக்குப் பின்னால் நின்றார். தோளில் கை வைக்கப் போனவர் வைக்காமல் இழுத்துக்கொண்டார். கொழுந்தன் எழுதினதை இப்போதுதான் முதல் தடவையாக, முதல் வரியிலிருந்து, உதடு அசையப் படித்தான். படித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

பிறகு சின்னப் பேனாவைப் பையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினான். தாளை அவள் பக்கம் திருப்பினான். பெரிய பேனாவை அவளிடம் நீட்டினான்.

"கீழ பேரு போடணும்ல அண்ணி?"

பேனாக்கா வாங்கினாள். அவள் கைக்கு அது ரொம்பப் பெரிது. பிடிக்கிற இடம் அவன் விரல்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தின் அடியில், தெருவில் யாருக்கும் தெரியாத தன் பெயரை எழுதினாள்.

அழகாகத்தான் வந்தது.